நாகமரையில் ஓர் இரவு

"பாட்டி, கடலுக்குப் போலாம்!"

பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட மறுநாளே பேத்தி இந்தப் பாட்டை ஆரம்பித்துவிட்டாள். எட்டு வயது வாண்டு. பாலக்கோட்டில் இருந்துகொண்டு கடலுக்கு எங்கே போவது? வெயிலோ 2024-ஆம் வருஷத்துச் சித்திரை வெயில். மத்தியானம் வாசற்படியில் கால் வைத்தால் தோசைக்கல்லில் வைத்த மாதிரி இருந்தது.

"கடல் வேண்டாம் கண்ணு. கடல் மாதிரி ஒண்ணு நம்ம ஜில்லா ஓரத்துலயே இருக்கு. பரிசல்ல போலாம், மீன் பிடிக்கலாம், ராத்திரி கரையிலேயே படுத்துக்கலாம். வர்றியா?" என்றேன்.

குழந்தை குதித்தாள். என் மருமகள்தான் தயங்கினாள். "அத்தை, தண்ணி, பரிசல், ராத்திரி... எல்லாம் சரியா வருமா?"

"என் சின்னம்மா பொண்ணு அங்கதான் இருக்கா. அவ வீட்டுக்காரர் உரிமம் வாங்கி மீன் பிடிக்கிறவர். பயப்படாதே" என்று தைரியம் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் உதறல்தான். ஐம்பத்தெட்டு வயது வரையில் நான் பரிசலில் கால் வைத்ததே இல்லை!

குடத்தோடு ஒரு பிரயாணம்

மூட்டை கட்டும் வேலை முந்தின நாளே தொடங்கிவிட்டது. ராகி மாவு இரண்டு படி, மிளகாய்த்தூள், புளி, உப்பு, நல்லெண்ணெய், ஒரு கூடை தக்காளி. பாலக்காட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் சொல்வது பாலக்கோட்டுத் தக்காளி! எங்கள் ஊர் மண்டியிலிருந்து தக்காளி எங்கெங்கோ போகிறது. நாங்கள் எங்கே போனாலும் எங்களோடும் வருகிறது. தார்ப்பாய், ஜமுக்காளம், டார்ச் லைட், கொசுவர்த்தி, குழந்தைக்குத் தொப்பி. எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு பெரிய கேன் குடிதண்ணீர்.

"ஏம்மா, காவேரிக்குப் போறோம். இங்கேருந்து தண்ணி தூக்கிட்டுப் போறதா?" என்று மகன் சிரித்தான்.

"இதுவும் காவேரித் தண்ணிதான். சுத்தம் பண்ணி வந்த காவேரி. அது அப்படியே கிடக்கிற காவேரி. வித்தியாசம் உண்டு" என்றேன். இந்தத் தண்ணீர்க் கதையைப் பிறகு சொல்கிறேன்.

என் கணவர், மகன், மருமகள், பேத்தி, நான் என்று ஐந்து பேரும் காலை ஐந்தரை மணிக்கு வாடகை வேனில் கிளம்பினோம். பாப்பாரப்பட்டி வழி. தியாகி சுப்ரமணிய சிவா 1925-இல் கண்ணை மூடியது அந்த ஊரில்தான். அவர் பேரை இவர் பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு பென்னாகரம். அங்கிருந்து எல்லாரும் ஒகேனக்கலுக்குத் திரும்புவார்கள். நாங்கள் ஏரியூர்ப் பக்கம் திரும்பினோம்.

இரண்டு பக்கமும் வறண்ட காடு. காய்ந்த வேலி, கல்லுக்குன்று, ஆட்டு மந்தை, மறுபடியும் கல்லுக்குன்று. "அத்தை, இங்கே தண்ணியே இருக்காது போல இருக்கே!" என்று மருமகள் சொல்லி வாய் மூடவில்லை; வேன் ஒரு மேட்டில் ஏறியது. கீழே, வெள்ளைவெளேரென்ற மண்ணுக்கு நடுவில், நீலமாக ஒரு ஏரி!

குழந்தை பேசவே இல்லை. அதுவே எங்கள் வீட்டில் அதிசயம்.

தண்ணீருக்கு அடியில் ஓர் ஊர்

அதுதான் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடித்தார்கள். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லியின் பேரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் வைத்தார்கள். நிரம்பினால் 120 அடி, 93 டி.எம்.சி.க்கும் மேல் பிடிக்கும். அணை சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் தண்ணீர் பின்பக்கமாகத் தேங்கி எங்கள் தர்மபுரி மாவட்டத்து எல்லை வரையில் வந்து நிற்கிறது. இந்தக் கரை நாகமரை, அந்தக் கரை பண்ணவாடி. நடுவில் பரிசலும் படகும் போய் வருகின்றன.

நாங்கள் போனபோது தண்ணீர் ஏறக்குறைய பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது. வேனை மேட்டிலேயே நிறுத்திவிட்டு, மூட்டை முடிச்சோடு ஏரியின் தரைமேலேயே வெகுதூரம் நடந்தோம். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீர் இறங்கிய இடத்தில் எள்ளும் கம்பும் போட்டிருந்தார்கள். ஆனி ஆடியில் வெள்ளம் வருவதற்குள் அறுத்துவிட வேண்டும். தண்ணீரோடு பந்தயம் கட்டி ஒரு விவசாயம்!

தங்கை கரையிலேயே காத்திருந்தாள். "வாங்கக்கா, வாங்க மாமா! இது யாரு, பேத்தியா? மூக்கு முழியும் அப்படியே உங்க மாமியார்!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். தண்ணீர் ஓரமாகத் தார்ப்பாய்க் குடிசை ஒன்று. தண்ணீர் இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்கும். ஏற ஏற ஏறும். அன்று ராத்திரிக்கு எங்கள் வீடும் அதுதான்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பரிசலில் ஏறினோம். மூங்கில் சிம்புகளைப் பின்னி, அடியில் பிளாஸ்டிக் சாக்கு ஒட்டி, தார் பூசிய ஒரு பெரிய வட்டக்கூடை. அவ்வளவுதான் பரிசல்! வேலை முடிந்தால் அதைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு ஆமை மாதிரி நடந்து போகிறார்கள். புடவைக்கு மேலே மிதவைச் சட்டையை மாட்டிக்கொள்ள எனக்கு வெட்கம். "நீ போடலேன்னா நானும் போடமாட்டேன்" என்று பேத்தி மிரட்டிய பிறகு போட்டுக்கொண்டேன்.

எதிர்க்கரை நெருங்க நெருங்க, பண்ணவாடிப் பக்கத்தில் மண்மேட்டின்மேல் ஒரு நந்தி தெரிந்தது. நந்தி மட்டும்! சற்றுத் தள்ளி, ஒரு பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரம். அணை கட்டியபோது இங்கேயிருந்த ஊர் ஜனங்களெல்லாம் மேட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலும் தேவாலயமும் தண்ணீருக்குள் போய்விட்டன. நீர் நன்றாக இறங்குகிற வருஷத்தில் மட்டும் நந்தியும் கோபுரமும் தலையைக் காட்டும்.

"இங்கே குடியிருந்தவங்க எல்லாம் என்ன ஆனாங்க?" என்று மருமகள் கேட்டாள். தங்கையின் வீட்டுக்காரர் துடுப்பை நிறுத்தாமல், "எங்க தாத்தா அதுல ஒருத்தர்தான். அடுப்பைக் கூடப் பெயர்த்து எடுத்துக்கிட்டு வந்தாங்களாம்" என்றார்.

கல் அடுப்பைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறிய அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டேன். வீட்டை விட்டுப் போகிறபோது நமக்கு முதலில் அடுப்புதானே ஞாபகம் வரும்?

என் மருமகள் மன்னார்குடிப் பக்கத்துப் பெண். "அத்தை, எங்க அப்பா தினமும் நியூஸ்ல முதல்ல கேக்கறது மேட்டூர் எத்தனை அடின்னுதான். ஜூன் பன்னெண்டு அணை திறந்தா எங்க வீட்டில் தீபாவளி. அந்தத் தண்ணியை இன்னிக்குத்தான் நேர்ல பார்க்கிறேன்" என்றாள். குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் என்னவோ செய்தது. ஆனால் என் கலக்கம் வேறு.

"ஏன் வாயை மூடிக்கிறே?"

போகிற வழியிலேயே வலையைப் போட்டாகிவிட்டது. தங்கை துடுப்புப் போட, அவர் நைலான் வலையை மடிப்பு மடிப்பாக இறக்கினார். பிளாஸ்டிக் பாட்டில்கள்தான் மிதவை. "இனி விடியறப்போ வந்து எடுத்துக்கலாம். ராத்திரி பூரா மீன் தானா வந்து மாட்டும்" என்றார்.

இருட்டியதும் கரையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். காலையில் பிடித்த கெண்டை இருந்தது. எங்கள் தக்காளியைக் கையாலேயே கரைத்து, புளி கூட்டி, மிளகாய்த்தூள் போட்டுக் கொதித்த குழம்பு. பக்கத்தில் ராகிக் களி. உருண்டை சுடச்சுட விழுந்தது. மன்னார்குடிப் பெண் கூட இரண்டாவது உருண்டை கேட்டாள்!

மேலே நட்சத்திரம், கீழே தண்ணீர் சத்தம். இவர் பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போதுதான் குழந்தை கேட்டாள்.

"பாட்டி, நீ ஏன் சிரிக்கிறப்போ வாயைக் கையால மூடிக்கிறே?"

சட்டென்று எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

பாலக்கோட்டுப் பக்கத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்லாமலேயே புரிந்திருக்கும். என் பற்கள் பழுப்பு. முன்பற்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் காவி படிந்த மாதிரி இருக்கும். சின்ன வயதில் கரி, உப்பு, செங்கல் பொடி எல்லாம் போட்டுத் தேய்த்திருக்கிறேன். ஈறுதான் தேய்ந்தது, காவி போகவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "கேட்டதுக்குத் தலையை மட்டும் ஆட்டு, வாயைத் திறந்துடாதே" என்று அத்தை சொல்லி அனுப்பினாள். வேடிக்கை என்னவென்றால், மாப்பிள்ளையும் அன்று வாயைத் திறக்கவில்லை! கல்யாணமாகி மூன்றாம் நாள்தான் இருவர் பல்லையும் இருவரும் பார்த்துக்கொண்டோம். இரண்டும் ஒரே ஊர்த் தண்ணீர்.

அது சிரிப்பாகப் போயிற்று. என் மகன் விஷயம் அப்படியில்லை. படிப்பை முடித்து வெளியூரில் வேலைக்குப் பேட்டிக்குப் போனவனிடம், "புகையிலை போடற வழக்கம் உண்டா?" என்று கேட்டார்களாம். ஒரு நாள் கூடத் தொடாத பிள்ளை. வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துக்கொண்டான். அன்று ராத்திரி நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். 'என்ன பாவம் செய்தேன், என் பிள்ளைக்கும் இதைக் கொடுத்தேனே' என்று.

பாவம் ஒன்றும் இல்லை, தண்ணீர்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.

எங்கள் பக்கத்துப் பாறைகளில் ஃபுளோரைடு என்ற உப்பு இருக்கிறது. மழை குறைந்து, கிணறு வற்றி, ஆழ்குழாய்க் கிணறு ஆழமாகப் போகப் போக, பாறையில் ஊறிய தண்ணீர் அந்த உப்போடு வருகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கெடுதல் என்பது கணக்கு. நிறம் இல்லை, வாசனை இல்லை. பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். எட்டு வயது வரையில், பல் ஈறுக்குள்ளே உருவாகிற காலத்தில் அதைக் குடித்தால், முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். வருஷக்கணக்காக அதிகமாகக் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். நம் நாட்டில் இதை முதலில் கண்டுபிடித்து எழுதியது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கத்தில்.

ஒரு விஷயத்தைத் தாய்மார்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கொஞ்சம் கெட்டியாகத்தான் ஆகும். என் மகனுக்குக் குழந்தையில் அடிபம்புத் தண்ணீரை எவ்வளவு அக்கறையாகக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் கொடுத்தேன்! என் அக்கறையில் குறைவில்லை. தெரியாமல் போனதுதான் குறை.

இப்போது சொல்லுங்கள், இந்த ஏரியைப் பார்த்து நான் ஏன் கலங்கமாட்டேன்? 1934-லிருந்து இவ்வளவு தண்ணீர் எங்கள் வாசலோரத்தில் தேங்கிக் கிடந்தது. மருமகள் ஊரில் நெல்லாக விளைந்தது, நல்லதுதான். ஆனால் மேட்டிலே இருந்த எங்களுக்குக் குடிக்க வந்தது பாறைத் தண்ணீர்தான். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கி வைத்தார்கள். பல்லையும் எலும்பையும் காப்பாற்றத்தான் முக்கியமாக அந்தத் திட்டமே. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருக்குழாயில் முதன்முதலாக வந்த அன்று ஒரு சொம்பு பிடித்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

இத்தனையையும் எட்டு வயதுக்குழந்தையிடம் எப்படிச் சொல்வது? "பாட்டி சின்னப் பிள்ளையா இருந்தப்போ குடிச்ச தண்ணி நல்லா இல்லை கண்ணு. அது பல்லுல எழுதிட்டுப் போயிடுச்சு" என்றேன்.

அவள் டார்ச்சை வாங்கி என் பல்லில் அடித்துப் பார்த்தாள். பிறகு அவள் அப்பா பல்லில். பிறகு தன் வாயை அகலத் திறந்து, "என்னோடதைப் பாரு!" என்றாள். புதிதாக முளைத்த முன்பற்கள், அரிசி மாதிரி. 2015-இல் பிறந்த குழந்தை அவள். குடித்து வளர்ந்தது ஒகேனக்கல் தண்ணீர்.

வலையில் விழுந்தது

ஐந்து மணிக்குத் தங்கை எழுப்பினாள். போர்வையை உதறி எடுத்தோம். தேள் பயம் உண்டு. தண்ணீர்மேல் லேசாகப் புகை மாதிரிப் படர்ந்திருந்தது.

வலையைத் தூக்கத் தூக்க பேத்தி எண்ணினாள். ஜிலேபிக் கெண்டை பதினொன்று, கட்லா மூன்று. கட்லா மீன்வளத் துறையார் குஞ்சு விட்டு வளர்க்கிற மீன். ஒன்று முக்கால் குழந்தை நீளம்! அது வாலை ஓர் அடி அடித்ததில் மருமகள் முகமெல்லாம் தண்ணீர். "பெரிசெல்லாம் எடைக்குப் போயிடும். சின்னது நமக்கு" என்றார் தங்கையின் வீட்டுக்காரர்.

"ஒரு சுத்துச் சுத்துங்க மாமா!" என்றான் என் மகன் திடீரென்று. சின்னப் பையனாகவே மாறிவிட்டான்.

அவர் துடுப்பை ஒரு பக்கமாகவே போட்டார். பரிசல் பம்பரம் மாதிரிச் சுழன்றது. மலை சுற்றியது, கரை சுற்றியது, தூரத்து நந்தி சுற்றியது. நான் "ஐயோ, ஐயோ" என்று இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பயத்தில் ஆரம்பித்த சத்தம் எப்படியோ சிரிப்பாக மாறிவிட்டது. அடக்க முடியவில்லை. வாயை மூட ஒரு கை கூட மிச்சமில்லை!

பேத்தி அவள் அம்மாவின் செல்போனில் 'க்ளிக்' செய்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மிதவைச் சட்டை, கலைந்த கொண்டை, பழுப்புப் பல் முப்பதும் தெரியச் சிரிக்கிற ஒரு கிழவி. "அழிச்சிடு" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மகன் அதற்குள் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. கல்யாணப் போட்டோவில் நாங்கள் இருவரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வருஷம் ஜூலைக் கடைசியில் அணை நிரம்பியது. நந்தி மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது. சேதி கேட்டதும் மருமகள் மன்னார்குடிக்குப் போன் போட்டாள். நான் குழாயடிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* தெரிந்த பரிசல்காரரோடு மட்டும் போங்கள். குழந்தை, பெரியவர் எல்லாருக்கும் மிதவைச் சட்டை கட்டாயம். பரிசலில் எழுந்து நிற்கக் கூடாது. காற்று அடித்தால் ஏறவே வேண்டாம்.

* ஏரிக்கரைச் சேறு ஆழம் தெரியாது. குழந்தைகளைத் தனியாக இறங்க விடாதீர்கள்.

* ஆற்றுத் தண்ணீர், ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். இல்லாவிட்டால் காய்ச்சிக் குடியுங்கள்.

* ஃபுளோரைடு உள்ள ஊர்க்காரர்கள் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் தனியாகப் பிடித்து வையுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் குளிக்க, துவைக்க இருக்கட்டும். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துத் தெரிந்துகொள்வது நல்லது.

* சுண்ணாம்புச் சத்துள்ள ராகி, பால், கீரை, முள்ளோடு மென்று தின்னும் பொடிமீன், கூடவே நெல்லிக்காய் எல்லாம் வளரும் குழந்தைக்கு நல்லது. ஆனால் எதுவும் நல்ல தண்ணீருக்கு ஈடாகாது. பேரன் பேத்தி உள்ளவர்களும், இனிமேல் வரப்போகிறவர்களும் இதை மறக்க வேண்டாம்.